ஆழத்தை அளந்த மூச்சு

நுழையும்முன்

மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்று கெடும் இடத்திலும் காற்றின் அழுத்தம் மிகும் இடத்திலும்தான் மூச்சின் அருமை விளங்குகிறது. சுரங்கத்தின் அடியிலும் கடலின் அடியிலும் மனித உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை அறியத் தம் உடலையே ஆய்வுக்களம் ஆக்கியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த அவ்வறிஞரின் வாழ்வை விளக்குகிறது இப்பாடம்.

கல்லும் கடலும்

பண்ணுருட்டியை அடுத்துக் கெடில நதிக்கரையில் அமைந்துள்ளது திருவதிகை. திருநாவுக்கரசரின் வாழ்வில் பெருந்திருப்பம் நிகழ்ந்த தலம் அது. தமக்கை திலகவதியார் தொண்டு செய்துவந்த அவ்வூருக்கு அவர் திரும்பி வந்ததையும், பல்லவ மன்னனின் ஆணையால் அவரைக் கல்லொடு பிணித்துக் கடலில் இட்டதையும், கல்லே தெப்பமாகிக் கரைசேர்த்ததையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அவர் கரையேறிய இடத்தின் நினைவைக் கடலூரில் உள்ள கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. கடலில் ஆழ்ந்தவர் மீள்வது அரிது என்ற பட்டறிவு இருந்தமையால்தான் அந்நிகழ்வு தமிழ் மக்களின் நெஞ்சில் இத்துணை ஆழமாகப் பதிந்தது.

கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவதைத் தொழிலாகவே கொண்டிருந்தவர்களும் தமிழகத்தில் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கனமான கல்லின் துணையால் விரைந்து அடித்தளம் சேர்ந்தனர். ஒரே மூச்சில் சிப்பிகளைத் திரட்டினர். படகில் கயிற்றைப் பிடித்திருந்த துணைவர் அவர்களை மேலே இழுத்தனர். மூச்சின் எல்லையே அவர்தம் தொழிலின் எல்லையாக இருந்தது.

அதே திருவதிகைக்கு அண்மையில் இன்று நெய்வேலிச் சுரங்கம் விரிந்து கிடக்கிறது. அங்குப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் தேங்கி நிற்கிறது. அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் மேலெழும். கடலாயினும் சுரங்கமாயினும் ஆழத்தில் இறங்கும் மனிதர் எதிர்கொள்வன இரண்டே: ஒன்று அழுத்தம், மற்றொன்று காற்று. இவ்விரண்டையும் அளந்தறிந்து உயிர்காக்கும் விதிகளாக்கிய பெருமை ஹால்டேன் குடும்பத்துத் தந்தைக்கும் மகனுக்கும் உரியது.

சுரங்க மருத்துவரின் மகன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியங்கியல் அறிஞர். துன்பத்தைத் தாங்கு என்னும் பொருள்தரும் ஒற்றைச் சொல்லே அக்குடும்பத்தின் முத்திரைச்சொல். தந்தையும் மகனும் அதனை அணிகலனாகக் கொள்ளவில்லை, வாழ்ந்து காட்டினர்.

நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிப்பு நிகழும்போது இறந்தோர் பெரும்பாலும் வெடிப்பின் அதிர்ச்சியால் மாண்டவர் அல்லர். வெடிப்புக்குப்பின் பரவும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவால் மாண்டவரே என்று 1896ஆம் ஆண்டு தந்தை ஹால்டேன் நிறுவினார். மனிதரைவிட விரைவாக மூச்சு விடும் சிறு உயிர்கள் அந்நச்சினால் முன்னதாகவே சோர்வடையும். ஆதலால் அவற்றைச் சுரங்கத்தினுள் எடுத்துச் சென்றால் தொழிலாளர் காலத்தில் தப்பலாம் என்று அவர் அறிவுறுத்தினார். சிறு கூண்டில் கேனரிப் பறவையைத் தாங்கிச் சுரங்கத்தில் இறங்கும் வழக்கம் இவ்வாறே பரவி, பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டுவரை நீடித்தது.

மகனுக்குப் பாடம் கற்பிக்கவும் சுரங்கமே பள்ளியாயிற்று. ஒருமுறை சிறுவனைச் சுரங்கத்தின் தாழ்ந்த குகையொன்றுக்குத் தந்தை அழைத்துச் சென்றார். அங்கே எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மார்க் ஆண்டனி ஆற்றும் உரையைச் சொல்லுமாறு பணித்தார். சிறுவன் சில அடிகள் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது, கால்கள் தளர்ந்தன, தரையில் சாய்ந்தான். கீழே விழுந்ததும் மூச்சு இயல்பாகித் தெளிவு பெற்றான். மீத்தேன் கலந்த சுரங்க வாயு காற்றினும் இலேசானது. அது கூரையை ஒட்டியே தங்கும். தரையருகே நல்ல காற்று இருக்கும். இவ்வுண்மையைப் புத்தகத்தில் படித்தவர் மறக்கக்கூடும். உடலால் கற்ற சிறுவன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

முதல் மூழ்கல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலடிப் பணியாளர் பெரிய செம்புத் தலைக்கவசமும் நீர்புகா உடையும் அணிந்து மூழ்கினர். மேலே படகிலிருந்து கைவிசைக் குழாய்வழிக் காற்றுச் செலுத்தப்பட்டது. அவர்களுள் பலர் மேலே வந்தபின் மூட்டுவலியால் துடித்தனர், சிலர் கைகால் செயலிழந்தனர், சிலர் இறந்தனர். பாலங்களின் அடித்தளம் அமைக்க அழுத்தக் காற்றறைகளில் வேலை செய்த தொழிலாளருக்கும் அதே துன்பம் நேர்ந்தது.

இதன் காரணத்தை ஆராயுமாறு பிரித்தானியக் கடற்படை தந்தை ஹால்டேனிடம் பணித்தது. 1906ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஸ்பேங்கர் என்னும் கடற்படைக் கப்பலிலிருந்து மூழ்கல் சோதனைகள் நடைபெற்றன. அப்போது பதின்மூன்று வயதான மகனும் உடன் இருந்தான். அவனையும் மூழ்கச் செய்தார் தந்தை.

சிறுவனுக்கு அணிவித்த உடை வளர்ந்தவர்களின் அளவினது. மணிக்கட்டுப் பட்டைகள் அவனுடைய மெல்லிய கைகளை இறுகப் பற்றவில்லை. அவ்வழியே குளிர்ந்த கடல்நீர் கசிந்து உள்ளே ஏறியது. கீழிறங்கும்போது செவிகளில் வலி எழுந்தது. எச்சிலை விழுங்கி விழுங்கிச் செவியின் உட்புற அழுத்தத்தைச் சமன்செய்யக் கற்றான். உடையின் காற்றுத்திறப்பைச் சரிசெய்து, ஏறிய நீர் முகத்தை எட்டாதவாறு பார்த்துக்கொண்டான். குளிரால் நடுங்கியபடி மேலே வந்தபோது அவன் கற்றிருந்தவை இன்று தொடக்கநிலை மாணவர் எவரும் முதல் நாளிலேயே கற்கும் பாடங்கள்: பதறாதிருத்தல், செவியழுத்தத்தைச் சமன்செய்தல், கருவியைத் தன்வயப்படுத்துதல்.

ஆடுகள் காட்டிய அளவு

தந்தை ஹால்டேன் கண்ட உண்மை எளிதில் விளங்குவது. சோடா நிரம்பிய குப்பியை மூடியிருக்கும்வரை அதனுள் குமிழிகள் தோன்றுவதில்லை. மூடியைச் சட்டெனத் திறந்தால் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு நுரைத்துப் பொங்குகிறது. மெல்லத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறுகிறது. கடலடியில் மிகுந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகிறது. மூட்டில் தோன்றினால் வலி. தண்டுவடத்தில் தோன்றினால் முடக்கம்.

எவ்வளவு மெல்ல ஏறினால் தீங்கில்லை? இதனை அறிய இலண்டனில் பெரிய எஃகு அழுத்தக் கலத்தில் ஆடுகளைக் கொண்டு சோதனைகள் செய்தனர். மொத்த அழுத்தம் பாதியாகக் குறையும் அளவுக்கு உடல் தாங்கிக்கொள்கிறது என்பது தெளிந்தது. ஆகவே ஒரே சீராக ஏறாமல், முதலில் பாதியழுத்தம் உள்ள நிலைக்கு வந்து, பின்னர் நிலைநிலையாக நின்று நின்று ஏறும் முறையைத் தந்தை ஹால்டேன் வகுத்தார். பாய்காட், டேமண்ட் ஆகியோருடன் இணைந்து 1908ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் இன்ன ஆழத்தில் இத்துணை நேரம் இருந்தவர் இன்ன இடங்களில் இத்துணை நேரம் தங்கி ஏற வேண்டும் என்னும் அட்டவணை இடம்பெற்றது. அதன் வழிவந்த கணக்குகளே இன்று முக்குளிப்போரின் மணிக்கட்டில் உள்ள சிறு கணிப்பொறிகளிலும் இயங்குகின்றன.

போர்க்களமும் கணக்கும்

மகன் ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றார். கணிதத்தையும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களையும் கற்ற அவர் அறிவியலில் முறையான பட்டம் எதுவும் பெறவில்லை. முதல் உலகப்போரில் படைவீரராகப் பிரான்சிலும் மெசபொட்டேமியாவிலும் போரிட்டுக் காயமுற்றார். 1915ஆம் ஆண்டு குளோரின் வாயு போர்க்கருவியாகப் பயன்படுத்தப்பட்டபோது, தந்தையும் மகனும் அவ்வாயு நிரம்பிய அறையினுள் தாமே இருந்து முகமூடிகளைச் சோதித்தனர்.

காயம் ஆறுவதற்காக அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாட்டின்மீது பற்றுக் கொண்டார். எனினும் ஆள்வோராகவும் ஆளப்படுவோராகவும் பிரிந்து நின்று பழகும் நிலை அவருக்கு உவப்பாக இல்லை. இந்தியரோடு சமநிலையில் பழகக்கூடிய காலம் வந்தாலன்றி இங்குத் திரும்புவதில்லை என்று அவர் உறுதி பூண்டார்.

போருக்குப்பின் கேம்பிரிட்ஜிலும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணியாற்றினார். இயற்கைத் தேர்வு எவ்வளவு விரைவில் ஓர் உயிரினத்தை மாற்றும் என்பதை 1924ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ச்சியான கட்டுரைகளில் கணித வாய்பாடுகளாக்கினார். ஃபிஷர், சீவல் ரைட் ஆகியோருடன் இனக்கூட்ட மரபியலை நிறுவிய மூவருள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். மனித மரபணுவில் திடீர்மாற்றம் எத்துணை முறைக்கு ஒன்றாக நிகழ்கிறது என்பதைக் குருதி உறையாமை நோயைக் கொண்டு 1935ஆம் ஆண்டு மதிப்பிட்டார். ஆய்வகத்திலோ தாமே சோதனைப் பொருளாக நின்றார். குருதியின் அமிலத்தன்மை மூச்சை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய அம்மோனியம் குளோரைடு கரைசலைப் பருகி, நாட்கணக்கில் மூச்சு வாங்கியபடி அளவுகளைக் குறித்தார்.

தீட்டிஸ் தந்த துயரம்

1939ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள். தீட்டிஸ் என்னும் புதிய பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கி மீளாமற்போனது. கப்பலில் இருந்த 103 பேரில் தப்பியவர் நால்வர். இறந்தவர் 99 பேர். கடற்படையினர் மட்டுமன்றிக் கப்பல் கட்டும் தொழிலாளரும் பலர் மாண்டனர். கப்பலின் பின்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. உள்ளே தப்பும் கருவிகளும் இருந்தன. அவ்வாறிருந்தும் பெரும்பாலோர் ஏன் வெளியேற இயலவில்லை?

உண்மையறியத் தொழிற்சங்கம் ஹால்டேனை நாடியது. கப்பலின் காற்றில் மணிக்கு மணி பெருகிய கார்பன் டை ஆக்சைடே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். கருதியதோடு அமையவில்லை. இலண்டனில் சீப் கார்மன் நிறுவனத்தின் சிறிய எஃகு அறையொன்றில், அக்கப்பலின் காற்று இறுதியில் அடைந்திருக்கக்கூடிய நிலையை உருவாக்கி, அதனுள் பதினான்கு மணிநேரத்துக்கும் மேலாகத் தங்கினார். பின்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போரிட்டுத் திரும்பிய நண்பர் நால்வர் தாமாக முன்வந்து அவருடன் சோதனையில் பங்கேற்றனர். தலை பிளக்கும் வலி, மேல்மூச்சு, குழப்பம் ஆகியன அவர்களை வாட்டின. கெட்ட காற்றிலிருந்து தப்பும் கருவியின் தூய ஆக்சிஜனுக்கு மாறியவுடன் குமட்டலும் வாந்தியும் ஏற்படுவதையும் அவர்கள் கண்டனர். வாயில் பற்றியிருக்க வேண்டிய கருவியை வாந்தி எடுப்பவரால் பற்றியிருக்க இயலாது. இறந்தோர் கோழைகள் அல்லர், அறியாதவரும் அல்லர். காற்றே அவர்களை வீழ்த்தியது என்பதை அச்சோதனை புலப்படுத்தியது. கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு அது உயிரைத் திருப்பித் தரவில்லை. ஆயினும் உண்மையைத் தந்தது.

எஃகுக் கலத்தினுள்

அவ்வாண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. நீர்மூழ்கிகளிலிருந்து தப்புவோருக்கும் கடலடியில் பணிபுரிவோருக்கும் உரிய பாதுகாப்பு எல்லைகளைக் கண்டறியும் பொறுப்பைக் கடற்படை ஹால்டேனிடம் ஒப்படைத்தது. பின்னாளில் அவருடைய வாழ்க்கைத்துணையான உயிரியலாளர் ஹெலன் ஸ்பர்வே, உடன்பணியாற்றிய மார்ட்டின் கேஸ் முதலியோர் அக்குழுவில் இடம்பெற்றனர். குழுவினர் மாறி மாறி அழுத்தக் கலத்தினுள் அமர்ந்தனர். அழுத்தம் பத்து வளிமண்டலம்வரை உயர்த்தப்பட்டது. அது கடலில் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்கு நிகரானது.

அவ்வாழத்தில் சாதாரணக் காற்றே மதுவைப்போல் மயக்கியது. எளிய கணக்குகளும் பிழைத்தன. காரணமின்றிச் சிரிப்பு எழுந்தது. உயரழுத்தத்தில் நைட்ரஜன் விளைவிக்கும் மயக்கம் அது. நைட்ரஜனுக்கு மாற்றாக ஹீலியம் கலந்த காற்றையும் சோதித்தனர். உருகும் பனிக்கட்டி நீரில் கிடந்தபடி, குளிரும் அழுத்தமும் கெட்ட காற்றும் ஒருசேரத் தாக்கினால் உடல் என்னாகும் என்பதையும் ஹால்டேன் தம்மைக்கொண்டே அறிந்தார். உயிர்காக்கும் ஆக்சிஜனே அழுத்தம் மிகும்போது நஞ்சாகி வலிப்பை உண்டாக்குகிறது என்பதையும் குழுவினர் மீண்டும் மீண்டும் உணர்ந்தனர். அவ்வாறு நேர்ந்த வலிப்பொன்றில் ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கியது. உட்காரும்போதெல்லாம் அவ்வலி அவரை விட்டு அகலவில்லை. செவிப்பறையும் கிழிந்தது, புகைபிடிக்கும்போது செவிவழியே புகை விட முடிகிறது என்று அதனையும் அவர் வேடிக்கையாக்கிக்கொண்டார்.

துணிவு மட்டும் அச்சோதனைகளின் சிறப்பு அன்று. எந்நேரத்தில் எந்த அழுத்தத்தில் யாருக்கு எவ்வறிகுறி தோன்றியது என்பதை ஒவ்வொரு முறையும் பதிவு செய்தனர். ஒரே ஆழத்தில் ஒருவர் நலமாக இருக்க மற்றொருவர் வலிப்புறுவதையும், ஒருவரே ஒருநாள் தாங்கியதை மறுநாள் தாங்காமற்போவதையும் அப்பதிவுகள் காட்டின. ஆதலால் பாதுகாப்பின் எல்லையை வலியவரின் உடலைக்கொண்டு வகுக்கலாகாது. ஐயத்துக்கு இடம்விட்டுக் குறைத்தே வகுக்க வேண்டும். கடலடி மருத்துவம் இன்றளவும் போற்றும் நெறி அது.

தெரிந்து தெளிவோம்

முக்குளிப்போர் முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது தூய ஆக்சிஜன் என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அதில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றே. தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே செல்வது வலிப்புக்கு இடந்தரும். தேவைக்கேற்பக் காற்றைத் தரும் தற்கால மூச்சுக்கருவியை 1943ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் உருவாக்கினர்.

விதிகளின் பின்னே உயிர்கள்

இன்று புதுச்சேரியிலும் அந்தமானிலும் கோவாவிலும் ஸ்கூபா எனப்படும் கருவிவழி முக்குளிப்பைக் கற்பிக்கும் நிலையங்கள் உள்ளன. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற விரும்புவோர் முதலில் வகுப்பறையில் பாடம் கற்கின்றனர். அடுத்துக் குளத்தில் பழகுகின்றனர். அதன்பின்னரே கடலில் இறங்குகின்றனர். முகக்கண்ணாடியில் புகுந்த நீரை மூக்குவழிக் காற்றால் வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய மூச்சுக்கருவியை மீண்டும் பற்றுதல், காற்றுத் தீர்ந்தவருக்குத் துணைவர் தம் காற்றைப் பகிர்தல், மேலும் கீழும் செல்லாது நீரிடையே மிதந்து நிற்றல் ஆகியன பயிற்சியின் கூறுகள். இப்பயிற்சியை முடித்தவர் பொதுவாக 18 மீட்டர் ஆழம்வரை மட்டுமே செல்லலாம்.

அப்பயிற்சியில் கூறப்படும் விதிகள் சில. மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய அடக்கிய காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இருமடங்காக விரியும். நுரையீரல் அதனைத் தாங்காது. மெல்ல ஏற வேண்டும்; ஏறும் வழியில் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்க வேண்டும். மூழ்கிய அன்றே வானூர்தியில் பறத்தல் கூடாது. தனியே மூழ்கலாகாது. புதிதாகக் கற்பவருக்கு இவை ஆசிரியரின் கண்டிப்பாகத் தோன்றலாம். ஒவ்வொரு விதிக்குப் பின்னும் எவரோ ஒருவரின் முடங்கிய கால்களும், கிழிந்த செவிப்பறையும், மீளாத மூச்சும் உள்ளன.

விதிகள் எட்டாத இடங்களில் அத்துன்பம் இன்றும் தொடர்கிறது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்போர் படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து நீளும் குழாயைப் பற்றியபடி கடலடியில் நெடுநேரம் உழைக்கின்றனர். காற்று தடையின்றி வருவதால் மூச்சின் எல்லை மறைகிறது. கரைந்த நைட்ரஜனின் எல்லை மறைவதில்லை. முன்னோர் ஒரே மூச்சில் மூழ்கியபோது நேராத முடக்கம், கருவி வந்தபின் நேர்கிறது. கருவியைப் பெறுவதோடு அதன் இயல்பையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இந்தியக் குடிமகன்

1956ஆம் ஆண்டு பிரித்தானியா சூயஸ் கால்வாயைக் கைப்பற்றப் படை அனுப்பியது. அதனைக் கண்டித்த ஹால்டேன், தம் நாட்டை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார். நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கிய 1957ஆம் ஆண்டிலேயே, ஹெலனுடன் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். பி. சி. மகலனோபிஸ் அழைப்பை ஏற்றுக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். விடுதலை பெற்ற நாட்டில், இளமையில் தாம் விரும்பிய சமநிலை வாய்த்ததாக மகிழ்ந்தார். இந்திய உடை அணிந்தார், புலால் நீக்கினார், 1961ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமை பெற்றார்.

விலை மிகுந்த கருவிகள் இல்லையே என்று வருந்திய இளம் ஆய்வாளருக்கு, கண்ணும் கணக்கும் பொறுமையும் போதும் என்று அவர் உணர்த்தினார். உயிர்களைத் துன்புறுத்தாத ஆய்வுகளையே தேர்ந்தளித்தார். அவருடைய வழிகாட்டலில் ஒருவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். ஒருவர் தென்னை மட்டைகள் இடம்புரியாகவும் வலம்புரியாகவும் சுழன்றமைவதை ஆராய்ந்தார். ஒருவர் ஆள்காட்டிப் பறவையின் கூட்டைக் காத்திருந்து நோக்கினார். ஹால்டேனும் ஹெலனும் பனையேறிக் கெண்டையின் மூச்சை ஆராய்ந்தனர். நீரில் வாழ்ந்தும் மேலே வந்து காற்றைப் பருகும் மீன் அது. மனிதர் நீருக்குள் மூச்சு விடுவதை ஆராய்ந்தவர், மீன் நீருக்கு மேலே மூச்சு விடுவதை இந்தியக் குளத்தில் கண்டு மகிழ்ந்தார்.

பின்னர் ஒடிசா முதலமைச்சர் பிஜு பட்நாயக்கின் ஆதரவில் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் அமைத்தார்.

குறையும் நிறையும்

ஹால்டேனின் வாழ்வு குறையற்றது அன்று. பொதுவுடைமைக் கொள்கையில் ஆழ்ந்த பற்றுக்கொண்டிருந்த அவர், சோவியத் நாட்டில் லைசென்கோவின் பிழையான கோட்பாட்டுக்காக மரபியல் அறிஞர்கள் ஒடுக்கப்பட்டபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். அழுத்தக் கலத்தினுள் அஞ்சாதவர், கொள்கைத் தோழரிடையே உண்மையை உரைக்கத் தயங்கியமை அவர் வாழ்வின் முரண். பின்னாளில் அக்கட்சியிலிருந்து விலகினார். உடலின் துணிவும் உள்ளத்தின் துணிவும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை என்பதை அவருடைய வாழ்வே காட்டுகிறது.

1963ஆம் ஆண்டின் இறுதியில் மலக்குடல் புற்றுநோய் அவரைப் பற்றியது. இலண்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பெற்றார். அங்குப் படுத்திருந்தபடி, அந்நோயை எள்ளி நகையாடி, ஐயம் தோன்றியவுடன் மருத்துவரை நாடுமாறு மக்களை வேண்டும் வேடிக்கைக் கவிதையொன்றை எழுதி வெளியிட்டார். நோயை வெளியே சொல்லவும் நாணிய காலத்தில், தம் நோயையே பொதுமக்களுக்குப் பாடமாக்கினார்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். தம் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம் என முன்பே முடிவு செய்திருந்தார். அவருடைய விருப்பப்படி, ஆந்திர மாநிலம் காக்கிநாடாவில் உள்ள ரங்கராய மருத்துவக் கல்லூரிக்கு அவ்வுடல் மாணவர் கற்பதற்காக வழங்கப்பட்டது. பதின்மூன்று வயதில் நீர் கசியும் உடையில் கடலடி இறங்கிய உடல், நச்சுக்காற்றையும் பனிநீரையும் பேரழுத்தத்தையும் பிறருக்காகத் தாங்கிய உடல், இறுதியிலும் ஆய்வுமேசையையே அடைந்தது.